ரோந்து வண்டி எதைத் தடுக்கிறது?

நள்ளிரவில் தெருமுனையில் விசில் சத்தம் கேட்டால் வீட்டுக்குள் படுத்திருப்பவருக்கு ஒரு நிம்மதி வரும். பீட் காவலர் வருவார், குறித்த இடத்தில் வைத்திருக்கும் பட்டா புத்தகத்தில் நேரம் எழுதிக் கையெழுத்துப் போடுவார், அடுத்த தெருவுக்குப் போவார். அவர் வந்து போவதால்தான் இங்கே திருட்டு நடக்கவில்லை என்று நாம் நம்புகிறோம். காவல் துறையும் அப்படியே நம்புகிறது. உலகம் முழுக்க ரோந்துக்குச் செலவாகும் ஆள்பலமும் பெட்ரோலும் இந்த நம்பிக்கையின் மேல்தான் நிற்கின்றன.

அமெரிக்காவின் கான்சஸ் சிட்டி காவல் துறை 1972 அக்டோபரில் இந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்த்தது. அப்போது தலைமை அதிகாரியாக இருந்தவர் கிளாரன்ஸ் கெல்லி. மறு ஆண்டே எஃப்.பி.ஐ.யின் இயக்குநராகப் போனவர். நகரின் தென்பகுதியில் 15 பீட்களை, அதாவது ரோந்து எல்லைகளை, எடுத்து மூன்றாகப் பிரித்தார்கள். ஐந்தில் வழக்கமான ரோந்து அப்படியே தொடர்ந்தது. ஐந்தில் ரோந்து வண்டிகள் இரண்டு மூன்று மடங்காயின. மீதி ஐந்தில் ரோந்தே கிடையாது. யாராவது கூப்பிட்டால் மட்டும் வண்டி உள்ளே போகும். ஓராண்டு முடிந்ததும் ஜார்ஜ் கெல்லிங் தலைமையிலான போலீஸ் ஃபவுண்டேஷன் ஆய்வாளர்கள் கணக்குப் பார்த்தார்கள். கொள்ளை, வீடுபுகுந்து திருட்டு, வாகனத் திருட்டு எதிலும் மூன்று பகுதிகளுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. மக்களின் பயத்திலும் இல்லை. ரோந்து கூடியதையோ குறைந்ததையோ குடியிருந்தவர்கள் கவனிக்கக்கூட இல்லை.

1974இல் அறிக்கை வெளியானபோது பலர் கொதித்தார்கள். 15 பீட் போதாது, அழைப்புக்குப் போன வண்டிகளே ரோந்து போலத் தெரிந்திருக்கும் என்று மறுத்தார்கள். அந்த மறுப்புகளில் நியாயம் உண்டு. காவலரே வேண்டாம் என்று அந்த ஆய்வு சொல்லவும் இல்லை. 1969 அக்டோபர் 7 அன்று கனடாவின் மாண்ட்ரியால் நகரக் காவலர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது ஒரே நாளில் வங்கிகள் கொள்ளை போயின, கடைகள் சூறையாடப்பட்டன, ராணுவத்தை அழைக்க வேண்டி வந்தது. காவல் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அது போதும். கான்சஸ் சிட்டி எழுப்பியது வேறு கேள்வி: இருக்கிற காவலை ஊர் முழுக்கச் சீராகத் தெளித்தால் பலன் உண்டா?

அந்தக் கேள்வியிலிருந்து ஒரு துறையே பிறந்தது. சான்று வழிக் காவல் என்று அதைச் சொல்லலாம். குற்றவியலாளர் லாரன்ஸ் ஷெர்மன் 1998இல் நிகழ்த்திய உரை அதற்குப் பெயரும் வடிவமும் கொடுத்தது. மருத்துவத்தில் ஒரு மருந்தைப் பாதி நோயாளிகளுக்குக் கொடுத்து, மீதிப் பாதியோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் கடைக்கு விடுகிறார்கள். யாருக்கு எது என்பதை மருத்துவர் தீர்மானிப்பதில்லை, சீட்டு தீர்மானிக்கிறது. குடவோலை முறையில் குடத்துக்குள் ஓலை போட்டு எடுத்ததும் இதே காரணத்தால்தான்: எடுக்கிற கையின் விருப்பம் முடிவில் கலக்கக் கூடாது. கைது, ரோந்து, விசாரணை ஆகியவையும் மனித உடல்மீதும் சுதந்திரத்தின்மீதும் விழுகிற செயல்கள். மாத்திரைக்குக் கேட்கிற சான்றை லத்திக்குக் கேட்காமல் இருப்பது எனக்கு இன்றும் விளங்காத விஷயம்.

ரோந்து பற்றிய தேடல் அடுத்து மினியாபொலிஸ் நகருக்குப் போனது. ஓராண்டில் காவல் துறைக்கு வந்த அழைப்புகளை முகவரிவாரியாகப் பிரித்தபோது, நகரின் சுமார் 3 சதவீத முகவரிகளிலிருந்தே பாதி அழைப்புகள் வந்திருந்தன. 1989இல் வெளியான இந்தக் கணக்கு அனுபவமுள்ள எந்த ஏட்டையாவுக்கும் ஆச்சரியம் தராது. எந்த டாஸ்மாக் வாசல், பேருந்து நிலையத்தின் எந்த மூலை என்று அவர் விரல் விட்டுச் சொல்வார். ஷெர்மனும் டேவிட் வைஸ்பர்டும் இப்படிப்பட்ட 110 இடங்களைத் தேர்ந்தெடுத்து, குலுக்கலில் பாதி இடங்களுக்குக் கூடுதல் காவல் கொடுத்தார்கள். அங்கே அழைப்புகள் குறைந்தன; தெருச் சச்சரவுகள் ஏறக்குறைய பாதியாயின. கிறிஸ்டோபர் கோப்பர் அந்தத் தரவை மேலும் அலசி, ஓர் இடத்தில் காவலர் 10 முதல் 15 நிமிடம் நின்றுவிட்டுப் போவதுதான் அதிகப் பலன் தருகிறது, அதற்கு மேல் நின்றால் கூடுதல் பலன் இல்லை என்று காட்டினார். நம் பட்டா புத்தகத்தில் இருப்பது கையெழுத்துப் போடுகிற நேரம் மட்டும்தான்.

இங்கே அடித்தால் அங்கே போவான் என்பது எல்லோரும் எழுப்பும் ஐயம். நியூ ஜெர்சி மாநிலத்தின் ஜெர்சி சிட்டியில் இதற்கென்றே ஒரு ஆய்வு நடந்தது. குற்றம் அப்படியே பக்கத்துத் தெருவுக்குப் பெயரவில்லை, நல்ல விளைவுதான் சற்றுப் பரவியது என்று அது சொன்னது. பின்னர் வந்த பல ஆய்வுகளும் பெரும்பாலும் அதையே சொல்லின. ஆனால் 2016இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் 1,919 தெருக்களைக் கொண்டு நடந்த மாபெரும் சோதனையில், சொத்துக் குற்றங்கள் அக்கம்பக்கத்துக்கு நகர்ந்ததற்கான அறிகுறிகள் தெரிந்தன. கொலை, பாலியல் வன்முறை போன்றவை அப்படி நகர்ந்ததாகத் தெரியவில்லை. பணத்துக்காகத் திருடுகிறவன் இடம் மாறத் தயாராக இருக்கிறான், குடித்துவிட்டு ஆத்திரத்தில் குத்துகிறவன் பேருந்து ஏறிப் போய்க் குத்துவதில்லை என்று இதை நான் புரிந்துகொள்கிறேன்.

நடந்துபோகிற ரோந்துக்கும் இரண்டு விடைகள் உண்டு. 1970களின் இறுதியில் நெவார்க் நகரில் அது மக்களின் பயத்தைக் குறைத்தது, குற்றத்தைக் குறைக்கவில்லை. 2009இல் பிலடெல்பியாவில் ஜெர்ரி ராட்கிளிஃப் குழு 60 சிறு பகுதிகளில் புதிதாகப் பணியில் சேர்ந்த காவலர்களை நடக்கவிட்டது. ஒப்பிட வைத்திருந்த 60 பகுதிகளைவிட வன்முறைக் குற்றம் 23 சதவீதம் குறைந்தது. பிலடெல்பியாவில் இடங்கள் மிகச் சிறியவை, குற்றம் மிகுந்தவை. ரோந்தை நிறுத்தியதும் பலனும் கரைந்துபோனது.

எங்கே நிற்பது என்று தெரிந்துவிட்டால் போதாது, நின்று என்ன செய்வது என்பதும் இருக்கிறது. நியூயார்க் காவல் துறை 2011இல் மட்டும் சுமார் 6,85,000 தடவை மக்களை வழியில் நிறுத்திக் கேள்வி கேட்டது. நிறுத்தப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் கறுப்பின, லத்தீன் மக்கள். ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேர்மீது எந்த நடவடிக்கையும் எடுக்க முகாந்திரம் இல்லை. 2013இல் கூட்டாட்சி நீதிமன்றம் இம்முறை அரசியல் சட்டத்துக்கு விரோதமாக நடத்தப்பட்டதாகத் தீர்ப்பளித்தது. நிறுத்தங்கள் பெருமளவு குறைந்தன. நகரம் குற்றத்தில் மூழ்கும் என்று எச்சரித்தவர்கள் சொன்னது நடக்கவில்லை.

நான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததற்குக் காரணமே மினியாபொலிஸில் நடந்த இன்னொரு சோதனைதான். 1981-82இல், மனைவியை அடித்த கணவனை என்ன செய்வது என்ற கேள்வியை ஷெர்மனும் ரிச்சர்ட் பெர்க்கும் சோதனைக்கு எடுத்தார்கள். உயிருக்கு ஆபத்தில்லாத 314 சம்பவங்கள். கைது, அறிவுரை, எட்டு மணி நேரம் வீட்டை விட்டு வெளியே அனுப்புதல் என்று மூன்று வழிகள். எது யாருக்கு என்பது குலுக்கலில். ஆறு மாதத்தில் காவல் பதிவேட்டின்படி மறுபடி அடித்தவர்கள் கைதானவர்களில் 10 சதவீதம், அறிவுரை பெற்றவர்களில் 19, வெளியே அனுப்பப்பட்டவர்களில் 24. பெண்களின் புகாரைக் குடும்பச் சண்டை என்று தள்ளிவிட்டுக் கொண்டிருந்த காலத்தில் இந்த எண்கள் பெரிய ஆயுதமாயின. சில ஆண்டுகளுக்குள் அமெரிக்காவின் பல மாநிலங்கள் இத்தகைய வழக்குகளில் கைதைக் கட்டாயமாகவோ முன்னுரிமையாகவோ ஆக்கிச் சட்டம் போட்டன.

ஆனால் அது ஒரே ஊரில் ஒருமுறை நடந்த சோதனை. ஒமாஹா, சார்லட், மில்வாக்கி, கொலராடோ ஸ்பிரிங்ஸ், மயாமி என்று மற்ற ஊர்களில் திரும்பச் செய்தபோது விடைகள் ஒத்துப்போகவில்லை. சில ஊர்களில் கைது அடியைக் குறைத்தது. சில ஊர்களில் நாளடைவில் கூட்டியது. வேலையில் இருக்கும் ஆணுக்குக் கைது அவமானம், அவன் அடங்குகிறான். இழக்க எதுவும் இல்லாத ஆண் விடுதலையாகி வந்து மேலும் மூர்க்கமாகிறான் என்று ஒரு விளக்கம் எழுந்தது. மில்வாக்கி சோதனையில் இடம்பெற்ற பெண்களை 23 ஆண்டுகள் கழித்து ஆவணங்களில் தேடிய ஷெர்மனும் ஹெதர் ஹாரிஸும் 2015இல் வெளியிட்ட முடிவு நெஞ்சை அழுத்துவது. கணவனோ காதலனோ கைதான பெண்கள், எச்சரிக்கையோடு விடப்பட்டவர்களின் பெண்களைவிட 64 சதவீதம் அதிக விகிதத்தில் இறந்திருந்தார்கள். கொலையால் அல்ல, பெரும்பாலும் இதய நோய் போன்ற இயற்கைக் காரணங்களால். கறுப்பினப் பெண்களிடம் இந்த வித்தியாசம் இன்னும் கொடியதாக இருந்தது.

இதிலிருந்து மனைவியை அடிப்பவனைக் கைது செய்யக் கூடாது என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். ஒரு நகரத்தின் கணக்கு அது. ஏன் அப்படி ஆனது என்பது இன்னும் துலங்கவில்லை. கைதுக்குப் பிறகு அந்தப் பெண் எங்கே தங்கினாள், வாடகை யார் கொடுத்தார், யார் அவளோடு பேசினார் என்பதை அந்தச் சட்டங்கள் கேட்கவில்லை என்பது மட்டும் தெரிகிறது. 1984இல் கைதுக்கு ஆதரவான முடிவை உலகுக்குச் சொன்ன அதே ஷெர்மன், முப்பது ஆண்டு கழித்து அதற்கு எதிரான எண்களைத் தன் கையாலேயே வெளியிட்டார். இந்தத் துறையின் மேல் எனக்கு மரியாதை வந்தது அந்த இடத்தில்தான்.

நம் நாட்டில் இதே கேள்வி வேறு வாசலில் நிற்கிறது. இங்கே கைதுக்கு முன்னால், புகாரை வாங்குவார்களா என்பதே பிரச்சினை. தமிழ்நாட்டில் 1992இல் சென்னை ஆயிரம் விளக்கில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறக்கப்பட்டது. பிறகு அது மாநிலம் முழுக்கப் பரவி மற்ற மாநிலங்களுக்கும் போனது. பலன் என்ன என்று கேட்டால் ஆய்வுகள் இரண்டு பக்கம் நிற்கின்றன. இந்திய நகரங்களில் மகளிர் நிலையங்கள் திறந்த பிறகு பெண்களுக்கு எதிரான குற்றப் பதிவு கூடியதாக ஒரு பொருளாதார ஆய்வு சொல்கிறது. 2015இல் ஹரியானாவில் திறந்த நிலையங்களை ஆராய்ந்த நிர்விகார் ஜஸ்ஸல் அப்படிக் கூடவில்லை என்கிறார். பக்கத்து நிலையம், மகளிர் ஸ்டேஷனுக்குப் போங்கம்மா என்று பொறுப்பைத் தட்டிக்கழிக்கிறது. பெண் தொலைதூரம் பயணம் செய்கிறாள். அங்கே சமரசம் பேசி அனுப்பிவிடுகிறார்கள். தமிழ்நாட்டில் மகளிர் நிலையத்துக்கு ஒரு முறையாவது துணைக்குப் போனவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல.

மத்தியப் பிரதேசம் வேறு பாதையை எடுத்தது. தனி நிலையம் கட்டாமல், இருக்கிற நிலையத்துக்குள்ளேயே பெண்களுக்கான உதவி மேசை. தனி அறை, பயிற்சி பெற்ற அலுவலர், என்ன செய்ய வேண்டும் என்ற தெளிவான நடைமுறை. சுமார் 2.3 கோடி மக்களுக்குப் பொறுப்பான 180 காவல் நிலையங்களில் குலுக்கல் நடந்தது: சிலவற்றில் மேசை இல்லை, சிலவற்றில் மேசை, சிலவற்றில் பெண் அதிகாரி நடத்தும் மேசை. சந்தீப் சுக்தங்கர், கேப்ரியல் க்ரூக்ஸ்-விஸ்னர், அக்‌ஷய் மங்களா மூவரும் 2022இல் சயின்ஸ் இதழில் வெளியிட்ட முடிவின்படி, மேசை உள்ள இடங்களில் பெண்களின் புகார்கள் அதிகம் பதிவாயின. எஃப்.ஐ.ஆர். அளவுக்கு அது போனது முக்கியமாகப் பெண் அதிகாரிகள் நடத்திய மேசைகளில்.

இந்தியக் காவல் பற்றிய ஆய்வுகளில் நான் முதலிடம் தருவது ராஜஸ்தான் சோதனைக்கு. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்ட பொருளாதார அறிஞர்களோடு, மாநிலக் காவல் துறைக்குள்ளிருந்தே நீனா சிங் என்ற ஐ.பி.எஸ். அதிகாரி சேர்ந்து நடத்தியது. 11 மாவட்டங்களில் 162 நிலையங்கள். அடிக்கடி இடமாற்றம் செய்வதற்குத் தடை, வார விடுமுறையோடு சுழற்சிப் பணி, நிலையத்தில் ஊர்க்காரர் ஒருவர் பார்வையாளராக உட்காருதல், பணியிடைப் பயிற்சி என்று நான்கு சீர்திருத்தங்கள். கூடவே, பொதுமக்கள் போல வேடமிட்டு ஆய்வாளர்கள் நிலையத்துக்குப் போய்ப் புகார் கொடுத்துப் பார்த்தார்கள். பதிவு செய்யும் கட்டம் வந்ததும் தாங்கள் யார் என்பதைச் சொல்லிவிட்டார்கள்.

பயிற்சி பலன் தந்தது. பயிற்சி பெற்றவர்கள் கையாண்ட வழக்குகளில் புகார்தாரர்களின் மனநிறைவு கூடியது. மாறுவேடத்தில் ஆள் வரக்கூடும் என்ற நினைப்பே காவலர்களின் போக்கை மாற்றியது. இடமாற்றத் தடையும் சரியாக அமலானது. வார விடுமுறையும் ஊர்ப் பார்வையாளரும் தோற்றுப்போயின. யோசனை தவறு என்பதால் அல்ல. நிலையப் பொறுப்பாளர்கள் முதலில் செய்தார்கள், பிறகு மெல்ல விட்டுவிட்டார்கள். பயிற்சியையும் இடமாற்றத் தடையையும் தலைமையகத்திலிருந்தே நடத்திவிட முடிந்தது. மற்றவற்றுக்கு ஒவ்வொரு நாளும் ஸ்டேஷன் பொறுப்பாளர் மனம் வைக்க வேண்டியிருந்தது. இந்த நாட்டில் காவல் சீர்திருத்தம் பேசுகிற எல்லோரும் இந்த ஒரு முடிவைச் சுவரில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும் என்பேன். 2021இல் தமிழ்நாட்டில் தலைமைக் காவலர் வரையிலானவர்களுக்கு வார விடுமுறை அறிவிக்கப்பட்டபோது நான் மகிழ்ந்தேன். ஒரு திருவிழா பந்தோபஸ்து, ஒரு தலைவர் வருகை, ஆள் பற்றாக்குறை என்று அந்த ஓய்வு நாள் ஸ்டேஷன் டூட்டி ரோஸ்டரில் என்ன ஆகும் என்ற கவலையும் அன்றே வந்தது.

அதே ராஜஸ்தானில் குடிபோதை வாகனச் சோதனையையும் பரிசோதித்தார்கள். ஒரே சந்திப்பில் வாராவாரம் நின்ற சோதனைச் சாவடியால் பலன் இல்லை. ஓட்டுநர்கள் வேறு சாலையைப் பிடித்தார்கள். இடம் மாற்றி மாற்றி நின்றபோது இரவு விபத்துகள் 17 சதவீதமும் இரவு விபத்து மரணங்கள் 25 சதவீதமும் குறைந்தன. கூடுதல் செலவு இல்லை, புதுச் சட்டம் இல்லை. நிற்கும் இடம் மட்டும் மாறியது.

மக்களோடு நெருங்கினால் எல்லாம் சரியாகும் என்ற கருத்துக்கும் சான்று பலமாக இல்லை. பிரேசில், கொலம்பியா, லைபீரியா, பாகிஸ்தான், பிலிப்பைன்ஸ், உகாண்டா ஆகிய ஆறு நாடுகளில் ஒரே நேரத்தில் நடந்த சமூகக் காவல் சோதனைகள் 2021இல் வெளியாயின. குற்றமும் குறையவில்லை, காவல்மீது நம்பிக்கையும் வளரவில்லை. அதிகாரிகள் பாதியில் மாற்றப்பட்டார்கள், கூட்டத்தில் மக்கள் சொன்ன குறைகளைத் தீர்க்க ஆளும் பணமும் இல்லை. தமிழ்நாட்டில், பொதுமக்களைக் காவலுக்குத் துணையாகச் சேர்க்க 1993இல் ராமநாதபுரத்தில் காவல் அதிகாரி பிரதீப் வி. பிலிப் தொடங்கிய ஃபிரண்ட்ஸ் ஆஃப் போலீஸ் மாநிலம் முழுக்க விரிந்து, 2020இல் தடை செய்யப்பட்டது. அப்படிப்பட்ட ஒரு திட்டத்தைப் பாதி நிலையங்களில் குலுக்கலில் தொடங்கியிருந்தால், இன்று அதைப் பற்றி அறிவோடு பேச முடியும்.

நடத்தும் விதம் பற்றிய ஆய்வு இன்னொரு கிளை. மக்கள் சட்டத்துக்குப் பணிவது தண்டனைக்குப் பயந்து மட்டுமல்ல, நியாயமாக நடத்தப்பட்டோம் என்ற உணர்வாலும்தான் என்று உளவியலாளர் டாம் டைலர் 1990இல் எழுதினார். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் குடிபோதைச் சோதனையின்போது, ஊது என்று கருவியை நீட்டுவதற்குப் பதில் காரணத்தை விளக்கி, கேட்டு, நன்றி சொன்ன காவலர்கள்மீது ஓட்டுநர்களின் மதிப்பு உயர்ந்தது. அதே முறையை ஸ்காட்லாந்தில் செய்தபோது மதிப்பு இறங்கியது. மேலிடம் திணித்ததாகக் காவலர்களே உணர்ந்தார்கள் என்பது விளக்கம். தனக்கு நியாயம் கிடைக்காத காவலர் தெருவில் நியாயமாக நடப்பார் என்று எதிர்பார்ப்பது கடினம்.

விசாரணை அறைக்கு வருவோம். 2020 ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் அடிக்கப்பட்ட தந்தையும் மகனும் உயிரிழந்தார்கள். அடித்தால்தான் உண்மை வரும் என்று மனசாட்சியுள்ள அதிகாரிகள்கூட நம்புவதை நான் கேட்டிருக்கிறேன். ஆய்வுகள் இதில் தயங்கவே இல்லை. அமெரிக்காவில் டி.என்.ஏ. சோதனையால் நிரபராதி என நிரூபிக்கப்பட்டவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் செய்யாத குற்றத்தை ஒப்புக்கொண்டோ தன்னைச் சிக்கவைக்கும்படி பேசியோ இருந்தார். இங்கிலாந்தில் குண்டுவெடிப்பு வழக்குகளில் தவறாகத் தண்டிக்கப்பட்ட கில்ட்ஃபோர்டு நால்வர் 1989இலும் பர்மிங்காம் அறுவர் 1991இலும், ஏறக்குறைய பதினைந்து, பதினாறு ஆண்டுச் சிறைவாசத்துக்குப் பிறகு விடுவிக்கப்பட்டார்கள். இரு வழக்குகளிலும் வாக்குமூலம் மிரட்டியும் அடித்தும் வாங்கப்பட்டதாகச் சொல்லப்பட்டது. அதன் பிறகு 1990களின் தொடக்கத்தில் அந்த நாடு விசாரணை முறையையே மாற்றியது. திட்டமிடு, உறவை ஏற்படுத்தி விளக்கு, முழுதாகப் பேசவிடு, முடித்துவை, மதிப்பிடு என்ற ஐந்து படிகள். ஒப்புக்கொள்ள வைப்பது நோக்கமல்ல, தகவல் பெறுவதே நோக்கம். நார்வே அதைத் தழுவித் தன் முறையை அமைத்தது. 2021இல் வந்த, விசாரணைக்கான மெண்டெஸ் நெறிகள் அதை உலகுக்குப் பொதுவாக்க முயல்கின்றன. காவலரிடம் கொடுத்த வாக்குமூலம் செல்லாது என்று நம் சாட்சியச் சட்டம் 1872இலேயே சொல்லிவிட்டது. ஆனால் அதன் வழியே ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால் அந்தப் பகுதி மட்டும் செல்லும் என்ற 27ஆம் பிரிவு அடிக்குக் கதவு திறந்து வைத்தது. அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டத்திலும் அந்தக் கதவு இருக்கிறது.

கருவிகள் பற்றி நீட்ட வேண்டியதில்லை. 2012இல் கலிஃபோர்னியாவின் ரியால்டோவில் உடலில் அணியும் கேமரா, காவலர்கள் பலம் பயன்படுத்துவதைப் பாதியாகக் குறைத்ததாகச் செய்தி வந்ததும் உலகமே வாங்கியது. வாஷிங்டனில் 2,200க்கு மேற்பட்ட காவலர்களை வைத்துச் சோதித்தபோது வித்தியாசமே தெரியவில்லை. குற்றம் எங்கே நடக்கும் என்று முன்கூட்டிச் சொல்லும் மென்பொருள்கள், எங்கே காவலர் ஏற்கெனவே அதிகம் பிடித்தார்களோ அங்கேயே திரும்ப அனுப்பும் ஆபத்து உள்ளவை. கேமராவின் பதிவை யார் பார்க்கிறார், எத்தனை நாள் வைக்கிறார் என்பதில்தான் அதன் உயிர் இருக்கிறது.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு பழைய சிக்கல் கிடக்கிறது: எதை எண்ணுவது? மாதாந்திரக் கிரைம் மீட்டிங்கில் கேட்கப்படுவது பதிவான வழக்குகளின் எண்ணிக்கை. நேர்மையாகப் பதிகிற இன்ஸ்பெக்டரின் எல்லையில் குற்றம் கூடியதாகத் தெரியும், வழக்குப் பதியாமல் சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கொடுத்துத் திருப்பி அனுப்புகிறவரின் எல்லை அமைதியாகத் தெரியும். பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் என்று தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். பதிவது கட்டாயம் என்று 2013இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகும் இந்தக் கணக்கு மாறவில்லை. மத்தியப் பிரதேசத்தில் வழக்குகள் கூடியதை வெற்றி என்று படிக்க முடிந்தது, ஆய்வாளர்கள் அப்படிப் படிக்கத் தெரிந்தவர்கள் என்பதால். பிரிட்டனில் 1982 முதல் வீடு வீடாகப் போய், உங்களுக்கு என்ன நடந்தது, காவலிடம் சொன்னீர்களா என்று கேட்கிறார்கள். காவல் பதிவேட்டுக்கு வெளியே நிற்கிற அளவுகோல் அது.

தமிழ்நாட்டில் அடுத்த புதிய திட்டம், செயலியோ வாகனமோ உதவி மேசையோ, எப்படியும் ஒரே ஆண்டில் எல்லா நிலையங்களுக்கும் போய்ச் சேராது. முதலில் எந்த நிலையங்கள் என்பதை அமைச்சரின் தொகுதியோ எஸ்.பி.யின் விருப்பமோ தீர்மானிக்காமல், சீட்டு எடுக்கட்டும். ஓராண்டு கழித்து, காவல் துறையைச் சேராத சிலர் இரண்டு வகை நிலையங்களிலும் புகார் கொடுக்கப் போனவர்களின் வீட்டுக்குப் போகட்டும். ஸ்டேஷனில் உட்காரச் சொன்னார்களா, எழுதி வாங்கினார்களா, எஃப்.ஐ.ஆர். நகல் கையில் கொடுத்தார்களா, அதன் பிறகு யாராவது வந்தார்களா என்று கேட்கட்டும்.